கொப்பரை ஏரியும் பொய் சொல்லாத மலையும்

ஜப்பான் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஃபூஜி மலையும், தோக்கியோ நகரமும், விரைந்தோடும் இரயில்களுமே. அந்நாட்டின் வடபால் ஹொக்கைடோ என்னும் பெருந்தீவு ஒன்று உளது. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் அத்தீவின் தென்மேற்குப் பகுதியில், மலைகள் சூழ, வட்டமான நீலநிற ஏரி ஒன்று அமைந்திருக்கிறது. அதன் பெயர் தோயா. ஆண்டுதோறும் பல்லாயிரக் கணக்கான மக்கள் அங்குச் சென்று, சுற்றுலாப் படகில் ஏறி, ஏரியைச் சுற்றி வந்து மகிழ்கின்றனர். ஆனால் அவ்வேரியின் அழகை மட்டும் கண்டு திரும்புவோர் பாதியையே கண்டவராவர். அந்த ஏரி எவ்வாறு உண்டாயிற்று, அதன் கரையில் நிற்கும் மலை எத்தன்மையது, அம்மலையின் அடியில் மக்கள் எந்தத் துணிவில் குடியிருக்கின்றனர் என்பவற்றையும் அறிந்து செல்வோமாயின், அந்தப் படகுப் பயணம் வெறும் பொழுதுபோக்காக நில்லாது.

முதலில் ஏரியின் பிறப்பைப் பார்ப்போம். ஏறத்தாழ 1,10,000 ஆண்டுகளுக்கு முன்னர் அவ்விடத்தில் மிகப் பெரியதோர் எரிமலை வெடிப்பு நிகழ்ந்தது. நிலத்தினடியில் தேங்கிக் கிடந்த கற்குழம்பு, சாம்பலாகவும் நுரைக்கல்லாகவும் வெளியே வாரி இறைக்கப்பட்டது. உள்ளே இருந்த பொருள் வெளியேறிவிடவே, மேலிருந்த நிலப்பரப்பு தாங்குவாரின்றி உள்ளே இடிந்து விழுந்தது. அவ்வாறு உண்டான பெரும்பள்ளத்தில் மழைநீரும் பனிநீரும் காலப்போக்கில் நிரம்பவே, ஏரி தோன்றியது. இத்தகைய பள்ளத்தை நிலநூலார் 'கால்டெரா' என்பர். இது ஸ்பானிய மொழிச் சொல். பெரிய சமையற் பாத்திரம் என்பது அதன் பொருள். நம் கலியாண வீடுகளில் சோறு வடிக்கும் கொப்பரையை நினைத்துக் கொண்டால், இதற்கு வேறு மொழிபெயர்ப்புத் தேட வேண்டியதில்லை.

இவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர கிலோமீட்டர். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 11 கிலோமீட்டரும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 9 கிலோமீட்டரும் உள்ளது. மிக ஆழமான இடத்தில் ஆழம் ஏறத்தாழ 180 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து நீர்ப்பரப்பின் உயரமோ 84 மீட்டரே. ஆகவே ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்திற்கும் கீழே கிடக்கிறது. இத்தனை ஆழமும் நீரின் பெருக்கமும் இருப்பதால், கோடையில் ஏற்ற வெப்பத்தை நீர் எளிதில் இழப்பதில்லை. சுற்றிலும் நிலம் பனியில் உறைந்து கிடக்கும் காலத்திலும் ஏரி உறையாமல் அலைவீசிக் கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. அதனாற்றான் குளிர்காலத்திலும் அங்குப் படகு செல்ல முடிகிறது.

தோயா என்னும் பெயர் ஜப்பானிய மொழிக்குரியதன்று. ஹொக்கைடோவின் பழங்குடிகளான ஐனு மக்களின் மொழிக்குரியது. 'தோ' என்றால் ஏரி. 'யா' என்றால் கரை. ஏரியை அம்மக்கள் 'மலைக்குள் இருக்கும் ஏரி' என்னும் பொருளில் 'கிமுன் தோ' என்றே அழைத்தனர். கரையைக் குறித்த சொல்லை ஜப்பானியர் ஏரிக்கே பெயராக்கி, ஏரி என்று பொருள்படும் 'கோ' என்னும் தம் சொல்லையும் இறுதியில் சேர்த்து 'தோயாகோ' என்றனர். தமிழில் 'தோய்தல்' என்பது நீராடுதலைக் குறிப்பதால் நமக்கு ஒரு கணம் வியப்புத் தோன்றலாம். இஃது ஒலியளவில் நேர்ந்த ஒற்றுமையேயன்றி மொழியுறவு அன்று.

சப்போரோ நகரிலிருந்து விரைவு இரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தோயா நிலையத்தை அடையலாம். அங்கிருந்து பேருந்தில் சிறிது தூரம் மேலேறினால், ஏரியின் தென்கரையிலுள்ள வெந்நீர் ஊற்று ஊரை அடைகிறோம். கரையோரமாக விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. படகுத் துறையும் அங்கேயே உளது. படகுகளுள் பெரியது, இடைக்கால ஐரோப்பியக் கோட்டை ஒன்று நீரில் மிதப்பது போன்ற தோற்றத்தை உடையது. அதற்கு 'எஸ்புவார்' என்று பெயர். இது பிரெஞ்சுச் சொல். நம்பிக்கை என்பது பொருள். ஒரு முறை சுற்றி வருவதற்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடங்கள் ஆகும்.

படகு கரையை விட்டு நகர்ந்ததும், மேல்தளத்தில் நின்று நான்கு திசைகளையும் நோக்க வேண்டும். வடக்கே தொலைவில், உச்சியில் பனி படிந்த கூம்பு வடிவ மலை ஒன்று தெரிகிறது. அது 1,898 மீட்டர் உயரமுள்ள யோதேய் மலை. ஃபூஜியைப் போன்றே தோன்றுவதால், ஹொக்கைடோவின் பழம்பெயரைச் சேர்த்து அதனை 'எசோ ஃபூஜி' என்றும் வழங்குவர். எதிரே, ஏரியின் நடுவில், காடு அடர்ந்த தீவுக் கூட்டம் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால், விட்டு வந்த ஊரின் தலைக்கு மேலேயே உசு என்னும் எரிமலை எழுந்து நிற்கிறது. அதன் கிழக்கே, மரம் செடி அதிகமின்றிச் செம்பழுப்பு நிறத்தில், ஆவி கசியும் குன்றொன்று காணப்படுகிறது. இக்குன்றின் வரலாற்றைப் பின்னர்க் கூறுவோம்.

நடுவிலுள்ள தீவுகள் நான்கு. அவற்றைச் சேர்த்து நாகாஜிமா, அதாவது நடுத்தீவு, என்பர். ஏரி உண்டான பின்னர், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்னர், கொப்பரையின் நடுவிலிருந்து பிதுங்கி எழுந்த கற்குழம்பே இத்தீவுகளாயிற்று. இவற்றுள் இரண்டின் பெயர்கள் இந்தியராகிய நமக்கு அயலானவை அல்ல. ஒன்று பெந்தென் தீவு. மற்றொன்று கன்னோன் தீவு. பெந்தென் அல்லது பென்சாய்தென் எனப்படுபவள் பௌத்தத்தோடு ஜப்பானுக்குச் சென்ற நம் சரஸ்வதி தேவியே. சரஸ்வதி நம் நாட்டில் ஓர் ஆற்றின் பெயராகவும் இருந்ததை அறிவோம். அந்தத் தொடர்பு மறையாமல், ஜப்பானியர் அவளை நீருக்குரிய தெய்வமாகவும் கருதி, ஏரிகளிலும் தீவுகளிலும் கோயில் கொள்ளச் செய்துள்ளனர். கன்னோன் என்பது அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர். அகத்தியர் தமிழைக் கற்றது அவலோகிதரிடமே என்று வீரசோழியம் என்னும் பழைய இலக்கண நூல் கூறுவதைத் தமிழ் படித்தோர் அறிவர்.

கோடைப் பருவத்தில் படகு பெரிய தீவில் நிற்கிறது. பயணிகள் இறங்கி நடக்கலாம். அங்கே மான்கள் உண்டு. 1950களின் இறுதியிலும் 1960களிலும் கொண்டுவந்து விடப்பட்ட மூன்று மான்களின் வழித்தோன்றல்கள் அவை. கொன்றுண்ணும் விலங்கு எதுவும் இல்லாத தீவில் அவை பெருகி, 1983 அளவில் ஏறத்தாழ முந்நூறு ஆயின. தீவின் செடிகொடிகளை எல்லாம் தின்று தீர்த்தபின், அடுத்து வந்த குளிர்காலத்தில் பட்டினியால் பல மடிந்தன. எஞ்சியவை உதிர்ந்த இலைகளைத் தின்று உயிர் பிழைக்கப் பழகின. எல்லையுள்ள இடத்தில் எல்லையின்றிப் பெருகினால் நேர்வது யாது என்பதை ஆராய்ச்சியாளர்கள் இத்தீவில் கண்கூடாகக் கண்டனர்.

இனி உசு மலையைப் பற்றிக் கூற வேண்டும். உயரத்தில் இது பெரிய மலையன்று. ஏறத்தாழ 730 மீட்டரே. ஆயினும் உலகத்து எரிமலை ஆராய்ச்சியாளர் அனைவரும் இதன் பெயரை அறிவர். 1663-ஆம் ஆண்டு முதல் இதன் வெடிப்புகள் வரலாற்றில் பதிவாகியுள்ளன. 1822-இல் கிளம்பிய நெருப்புச் சாம்பற் காற்று கடற்கரைக் கிராமம் ஒன்றை அழித்தது, பலர் மாண்டனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 1910, 1943-45, 1977, 2000 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை அது சீறியது. இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை என்று கொள்ளலாம். அதாவது, அங்குப் பிறந்து முதுமை வரை வாழும் ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று வெடிப்புகளைக் காண நேரும்.

அப்படியாயின் மக்கள் ஏன் அங்கிருந்து போய்விடவில்லை என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கு விடை அவ்வூரின் பிழைப்பிலேயே உளது. 1910-ஆம் ஆண்டு வெடிப்பிற்குப் பின்னரே ஏரிக்கரையில் வெந்நீர் ஊறுவது கண்டறியப்பட்டது. 1917-இல் அங்கு முதல் விடுதி தொடங்கியது. இன்று வரிசையாக நிற்கும் விடுதிகளும், படகுத் துறையும், கடைவீதியும் அந்த வெந்நீரை நம்பியே வளர்ந்தன. ஊரை அழிக்கும் வெப்பமும் ஊருக்குச் சோறிடும் வெப்பமும் ஒன்றே. ஏரி நீரிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஒரு காலத்தில் கந்தகச் சுரங்கக் கழிவுநீர் கலந்து ஏரியில் அமிலத்தன்மை மிகுந்தது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் முயற்சிகள் ஒருபுறம் நடக்க, 1977-இல் தொடங்கிய வெடிப்பில் நீரில் விழுந்த சாம்பலும் அவ்வமிலத்தைத் தணிக்கத் துணைசெய்தது.

மற்றொரு காரணமும் உண்டு. உசு மலையை அவ்வூரார் 'பொய் சொல்லாத மலை' என்பர். இதன் கற்குழம்பு பாகு முற்றியது போன்று மிகவும் பிசுபிசுப்பானது. எளிதில் ஓடிவர இயலாமல், பாறைகளைப் பிளந்து நெருக்கிக் கொண்டே மேலேறுகிறது. அதனால் வெடிப்பிற்கு முன்னர் நிலம் தவறாமல் நடுங்குகிறது, தரை உப்புகிறது, சுவர்களும் சாலைகளும் வெடிப்புக் காண்கின்றன. 1977-இல் இந்த எச்சரிக்கை ஏறத்தாழ ஒன்றரை நாளும், 2000-இல் நான்கு நாள்களும், 1944-இல் ஏறத்தாழ ஆறு மாதமும் நீடித்தது. மலை உண்மையைத்தான் சொல்கிறது. அதனைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். கேட்டபடி நடப்பதற்கு மனமும் வேண்டும்.

அவ்வாறு கேட்டவர்கள் சிலரைக் குறிப்பிட வேண்டும். 1910-இல் நிலம் நடுங்கத் தொடங்கியபோது, அப்பகுதிக் காவல்துறைத் தலைவர் நிலநடுக்க அறிஞர் ஓமோரி ஃபுசாகிச்சியின் சொற்பொழிவை முன்னரே கேட்டிருந்தவர். அவர் வெடிப்பு நிகழும் வரை காத்திராமல், ஏறத்தாழ 15,000 மக்களை வெளியேற்றினார். பின்னர் ஓமோரியும் அங்கு வந்து, பதிவுக் கருவிகளை நிறுவி ஆராய்ந்தார். அவ்வறிஞர்களுக்கு உதவி செய்த உள்ளூர் இளைஞருள் மிமாட்சு மசாவோ என்பவரும் ஒருவர். 1888-இல் பிறந்த இவர் தபால் நிலையத்தில் பணிபுரிந்து, பிற்காலத்தில் சோபெட்சு என்னும் ஊரில் போஸ்ட்மாஸ்டராக விளங்கினார்.

1943 டிசம்பர் இறுதியில் மறுபடியும் நிலம் நடுங்கியது. 1944 ஜூன் மாதத்தில் கோதுமை வயல்களின் நடுவே நிலம் வெடித்தது. வயல் நாளுக்கு நாள் உயர்ந்து குன்றாயிற்று. அது போர்க்காலம். இந்நிகழ்ச்சி வெளியே பரவுவதை அதிகாரிகள் விரும்பவில்லை. அறிஞர்கள் வந்து தங்கி ஆராயும் நிலை இல்லை. புகைப்படச் சுருளுக்கும் காகிதத்திற்கும் பஞ்சம். ஐம்பத்தைந்து வயதைக் கடந்த மிமாட்சு தம் தபால் நிலையத்தின் பின்புறத்தில் இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றிற்கிடையே குறுக்காக நூல்களைக் கட்டினார். பார்வை இடம் மாறாதிருக்கத் தாடையை ஒரு தாங்கியில் வைத்துக் கொண்டு, அந்நூல்களின் ஊடே மலையின் விளிம்பு எங்கே தெரிகிறது என்பதைக் குறித்து வந்தார். 1945 செப்டம்பரில் மலையின் வளர்ச்சி நிற்கும் வரை இப்பணி நடந்தது. ஒரு மலை பிறந்து வளர்ந்ததைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும் அந்த வரைபடம் 1948-இல் ஆஸ்லோ நகரில் கூடிய உலக அறிஞர் மாநாட்டில் காட்டப்பட்டுப் பெரும் பாராட்டைப் பெற்றது. 'மிமாட்சு வரைபடம்' என்றே அது இன்றும் வழங்குகிறது.

படகிலிருந்து நாம் கண்ட செம்பழுப்புக் குன்று இதுவே. 'ஷோவா ஷின்ஸான்', அதாவது ஷோவா காலத்துப் புதுமலை, என்பது அதன் பெயர். இன்று அதன் உயரம் ஏறத்தாழ 398 மீட்டர். உள்ளிருந்து எழுந்த கற்குழம்பின் வெப்பத்தில் மேலிருந்த மண், சூளையில் செங்கல் வேவது போல் வெந்து சிவந்தது. 1946-இல் மிமாட்சு தம் சொந்தப் பணத்தில் அந்நிலத்தை விலைக்கு வாங்கினார். வயலை இழந்த உழவர்களுக்கு ஓரளவு உதவுவதும், புதுமலையைச் சிதையாமல் காப்பதும் அவர் நோக்கம். விளைச்சல் தராத நிலத்தைப் பணம் கொடுத்து வாங்குவாரைக் கண்டு ஊரார் வியந்திருக்கக் கூடும். 1957-இல் அரசாங்கம் அம்மலையைச் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்தது. 1977-இல், உசு மீண்டும் வெடித்த அதே ஆண்டில், மிமாட்சு காலமானார்.

1977-இல் தொடங்கிய வெடிப்பின் சாம்பல் மலைச்சரிவுகளில் தங்கியிருந்தது. மறு ஆண்டு மழையில் அது சேற்று வெள்ளமாக இறங்கி மூவர் உயிரைக் கொண்டு சென்றது. வெடிப்பு ஓய்ந்தாலும் ஆபத்து ஓய்வதில்லை என்பதை ஊர் இதனால் உணர்ந்தது. 1995-இல் எந்தெந்த இடத்திற்கு என்னென்ன ஆபத்து நேரலாம் என்பதைக் காட்டும் படம் தயாரித்து, வீடுதோறும் கொடுத்தனர். 'இத்தகைய படத்தைக் கண்டால் பயணிகள் வருவார்களா?' என்ற அச்சம் சுற்றுலாவை நம்பிய ஊரில் எழக்கூடியதே. ஆயினும் படம் வழங்கப்பட்டது.

அதன் பயன் 2000-ஆம் ஆண்டில் விளங்கியது. மார்ச் 27-ஆம் நாள் நிலநடுக்கங்கள் தொடங்கின. ஹொக்கைடோ பல்கலைக்கழக அறிஞர்கள் சில நாள்களுள் வெடிப்பு நிகழும் என்றனர். வானிலை நிறுவனமும் எச்சரித்தது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளைப் பூட்டிக் கொண்டு வெளியேறினர். மார்ச் 31-ஆம் நாள் பிற்பகல் மலையின் மேற்கு அடிவாரம் வெடித்தது. அடுத்த நாள் ஊரையொட்டிய மற்றொரு பகுதியும் வெடித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட புதிய வாய்கள் திறந்தன. சில இடங்களில் நிலம் ஏறத்தாழ 70 மீட்டர் உயர்ந்தது. நெடுஞ்சாலை உடைந்து படிக்கட்டு போலாயிற்று. சேற்று வெள்ளம் பாலங்களைப் பெயர்த்துக் கொண்டு ஓடியது. ஊருக்குள்ளேயே இத்தனையும் நடந்தும், ஓர் உயிரும் போகவில்லை.

உடைந்த சாலையையும், சேறு புகுந்த அடுக்குவீட்டையும், பொதுக் குளிப்பகத்தையும் அவ்வூரார் அகற்றிவிடவில்லை. பயணிகளும் மாணவர்களும் நடந்து பார்க்கும் வண்ணம் அப்படியே காத்து வருகின்றனர். 2008-இல் உள்ளூர் மக்களையே தேர்ந்து பயிற்றி, மலையின் வரலாற்றைப் பிறருக்கு எடுத்துரைக்கும் எரிமலை வழிகாட்டிகளாகச் சான்றளிக்கும் முறை தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் எட்டு நாடுகளின் தலைவர்கள் கூடிய மாநாடு அவ்வேரியை நோக்கிய குன்றின்மேல் நடந்தது. அதன் விரிவான அமர்வில் நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் கலந்து கொண்டார். 2009-இல் இவ்வட்டாரம் உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இச்செய்திகளில் நமக்கு உரியது யாது என்று நேயர்கள் வினவலாம். நிலநூல் அளவில் சில உள. மும்பையிலும் புணேயிலும் வாழும் தமிழர் மிதித்து நடக்கும் கரும்பாறை, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பொங்கிப் பரவிய கற்குழம்பு உறைந்ததேயாகும். அதே மகாராட்டிரத்திலுள்ள லோனார் ஏரி வட்டமாக இருப்பினும் எரிமலைக் கொப்பரையன்று. விண்கல் மோதியதால் உண்டான பள்ளம். தமிழர் பலர் வாழும் அந்தமானில், பேரன் தீவு என்னும் எரிமலை நெடுந்துயில் கலைந்து 1991-இல் மீண்டும் எழுந்தது.

இதனினும் முக்கியமான தொடர்பு வேறொன்று. உசு மலையடிவாரத்தில் இன்று வாழ்வோரில் பெரும்பாலார் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். 1869-இல் அத்தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயரிட்டு ஜப்பானிய அரசு குடியேற்றத்தை வளர்த்தது. மறு ஆண்டிலேயே, போரில் தோற்று நிலமிழந்த தாதே குலத்தார், தம் குடும்பங்களுடன் தெற்கிலிருந்து வந்து மலைக்கு அருகே காடு திருத்திக் குடியமர்ந்தனர். அம்மண்ணின் மலையையும் நீரையும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஐனு மக்களோ தம் நிலத்தையும் மொழியையும் பெரும்பாலும் இழந்தனர். அவர்களைப் பழங்குடிகள் என்று ஜப்பானியச் சட்டம் வெளிப்படையாக ஏற்றது 2019-இல்தான்.

புதிதாக ஓர் ஊருக்கு வருபவர் அங்கு வேலையையும் வீட்டையும் தேடிக் கொள்கிறார். அவ்வூரின் பழைய நினைவுகள் அவருக்குத் தானாகக் கிடைப்பதில்லை. ஆறு எந்த ஆண்டில் எதுவரை ஏறியது, நிலம் எப்போது நடுங்கியது, எந்தப் பள்ளத்தில் வீடு கட்டலாகாது என்பவற்றை உள்ளூர்ப் பாட்டிமார் தம் பேரர்களுக்குச் சொல்வார்கள். மொழி தெரியாத அண்டை வீட்டாருக்குச் சொல்வது அரிது. 2001-இல் கட்ச் நிலநடுங்கியபோதும், 2005 ஜூலையில் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதும், துன்புற்றோருள் வெளியூரிலிருந்து வந்து குடியேறியோரும் அடங்குவர். தில்லியும் குவாஹாத்தியும் நிலநடுக்க அபாயம் உள்ள நகரங்களே. நாம் வாழும் ஊர் நமக்குச் சொல்லக் கூடியதைக் கேட்டறிய வேண்டிய கடமை, அங்குப் பிறந்தவர்களை விட நமக்கு அதிகம். மாநகராட்சியின் எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது, அதனைப் படிக்க நம் வீட்டில் யார் உளர், வெளியேற நேர்ந்தால் எங்கே போவது என்பவற்றை ஒருநாள் மாலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி வைப்பது நன்று.

தோயா ஏரியில் ஏப்ரல் இறுதி முதல் அக்டோபர் இறுதி வரை இரவுதோறும் வாணவேடிக்கை நடைபெறுகிறது. படகிலிருந்து பார்ப்போர் அந்த ஒளியில் ஏரியையும், கரையில் விளக்கேற்றிய விடுதிகளையும், அவற்றின் பின்னே இருண்டு நிற்கும் மலையையும் ஒருங்கே காணலாம். கடைசி வெடிப்பு நிகழ்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அடுத்த வெடிப்பு வரும் என்பதை அவ்வூரார் அறிவர். அதற்குரிய படமும் பாதையும் அவர்களிடம் ஆயத்தமாக உள்ளன. அவற்றை வைத்துக் கொண்டே விடுதிகளைத் திறக்கின்றனர்; படகுகளை ஓட்டுகின்றனர்; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர்.